கோடையில் ஏறிய கிணறு

கிணற்றை எட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். கள்ளக்குறிச்சியில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "இன்னாம்மா வேல பாக்குற?" என்று கேட்டால், "நிலத்தடி நீர்மட்டம் அளக்குறேன்" என்று கொஞ்சம் கெத்தாகத்தான் ஆரம்பிப்பேன். அவர் முகத்தில் ஒன்றும் ஓடாது. "கிணத்துல தண்ணி எவ்ளோ இருக்குதுன்னு பாத்து எழுதுறது" என்று இறங்கி வந்ததும், "அதுக்கு ஒரு ஆளா?" என்பார். அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதைத் தெளிவாக்கத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆயுதங்கள் ஒரு ஸ்கூட்டி, ஓர் இரும்பு டேப், ஒரு டப்பா சாக்பீஸ், ஒரு நோட்டு. டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கிக் கிணற்றுக்குள் இறக்குவேன். தண்ணீரில் முங்கிய வரைக்கும் வெள்ளை நிறம் மாறியிருக்கும். மேலே இழுத்து, நனைந்த இடத்தைப் பார்த்து, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று எழுதுவேன். எண் கூடினால் தண்ணீர் இறங்கிவிட்டது, எண் குறைந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. தலைகீழான இந்தக் கணக்கை என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க எனக்கு ஏழெட்டு வருடம் பிடித்தது. இன்னொரு விதியும் உண்டு. நான் அளந்து முடிக்கும்வரை கிணற்றிலிருந்து யாரும் ஒரு வாளித் தண்ணீர் கூட எடுக்கக் கூடாது. இந்த விஷயத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாளியோடு வந்தவர்களை நான் நிறுத்தி வைத்ததைப் பற்றி நாலைந்து ஊரில் இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள்.

கல்வராயன் மலையடிவாரக் கிணறுகள் என் பங்கு. அத்தோடு மாதத்தில் ஒரு நாள் மேலே கரியாலூர் வரைக்கும் போய், அங்கே இருக்கிற மழைமானியின் குறிப்பேட்டையும் பார்த்து வர வேண்டும். எந்தக் கிணற்றுக்கு எந்த நாள், எத்தனை மணி என்பது என்னிடம் தவறாது. கச்சிராயபாளையம் தாண்டி மலையை ஒட்டி இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. முந்தின நாளே போன் போட்டு, "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிடுவேன். அதை மரியாதை என்று நினைத்தேன். அதில்தான் எல்லா வினையும் இருந்தது.

அந்த ஊர்க் கிணற்றுக்குச் சொந்தக்காரி என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள், ஆகவே கிணற்றுக்காரி என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட நிலம், அதில் மரவள்ளி, வரப்போரம் கனகாம்பரம், இரண்டு கறவை மாடு. வாய் ஓயாமல் பேசுவாள். நான் போய் இறங்கியதும் மோர் வரும், முறுக்கு வரும், "இம்மாம் வெயில்ல வந்துக்கினு இருக்கீங்களே மேடம்" என்று விசிறியும் வரும். அவளிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். காலிக் குடத்தோடு தெருக்குழாய்க்குக் கிளம்பியிருப்பாள். எதிரே என் ஸ்கூட்டி வந்தால், சட்டென்று திரும்பிக் குடத்தை மாட்டுக்கொட்டாய்க்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் வருவாள். வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் காலிக் குடம் படக் கூடாது. நான் சகுனமெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்லியும் பார்த்தேன். "நீங்க பாக்க வேணாம் மேடம், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவளுக்கும் அந்த ஊருக்கும் ஒரே ஒரு ஆசை இருந்தது. ஊருக்கு மேற்கே மலையிலிருந்து ஓர் ஓடை இறங்குகிறது. ஐப்பசியில் பெய்கிற மழையெல்லாம் அந்த ஓடையில் உருண்டு புரண்டு ஊரைத் தாண்டி ஓடிப் போய்விடும். அந்த ஓடையின் குறுக்கே ஒரு குட்டை வெட்டிக் கரை போட்டுக் கொடுத்தால், தண்ணீர் நின்று நிதானமாக மண்ணுக்குள் இறங்கும், கீழே கிணறுகள் பிழைக்கும். நாலு வருடமாக மனு கொடுத்தார்கள். "கோடையில் எங்கள் கிணறுகள் அடியோடு வறண்டு விடுகின்றன" என்று ஊரே கையெழுத்துப் போட்ட மனு. முதல் கையெழுத்து கிணற்றுக்காரியுடையது. கோடையில் தண்ணீர் இல்லாமல் ஒரு மாட்டை ஏற்கெனவே விற்றிருந்தாள். குட்டை வரவில்லை என்றால் மிச்சம் இரண்டும் போய்விடும் என்று அவள் பயந்துகொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த மனுவை நான் நம்பவில்லை. மனு எழுதும்போது எந்த ஊர்தான் வறண்டு போகவில்லை? என் நோட்டில் வேறு கதை இருந்தது. தை மாதம் கிணறு நிறைந்து நிற்கும். மாசி, பங்குனி, சித்திரை என்று ஒழுங்காக இறங்கும். ஏப்ரலில் அடியில் முழங்கால் அளவு கிடக்கும். பிறகு மே மாத முதல் வெள்ளிக்கிழமை நான் போய் டேப்பை விட்டால், தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியிருக்கும். ஒரு சொட்டு மழை கிடையாது. வானம் வெளிறிக் கிடக்கும், மரவள்ளி இலை துவண்டு தொங்கும், கிணறு மட்டும் ஏறியிருக்கும். ஒரு வருடம் அல்ல, தொடர்ந்து நாலு வருடம்.

எங்கள் அலுவலகப் பொறியாளர் புதிதாக மாற்றலாகி வந்தவர், என்னைவிடச் சின்ன வயது. என் நோட்டைப் புரட்டிவிட்டு, "மழை இல்லாம எப்படி மேடம் ஏறும்? டேப்பை மாத்துங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இருபது வருடமாகக் கிணற்றைப் பார்க்கிறவளிடம் டேப்பை மாற்றச் சொல்கிறார். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டேப்பை மாற்றினேன். அதே எண்தான் வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கண்டுபிடிப்பு உதித்தது. கரியாலூருக்கு ஸ்கூட்டியில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் ஒன்றைப் பார்ப்பேன். கீழே மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும். கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில் மேகம் கைக்கெட்டுகிற மாதிரி நிற்கும், தூறும், துப்பட்டா நனையும். மலையில் மழை ஜாஸ்தி, அடிவாரத்தில் கம்மி. அந்த மலைமழை எங்கே போகிறது? பாதி ஓடையில் ஓடுகிறது. கொஞ்சம் வெயிலில் ஆவியாகிறது, கொஞ்சத்தை மரங்கள் குடித்து இலை வழியாக மூச்சு விடுகின்றன. மீதி பாறை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. எங்கள் பக்கத்துப் பாறை பஞ்சு மாதிரி உறிஞ்சாது, வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர் நடக்கும், அதுவும் ஆமை நடை. ஐப்பசியில் மலை உச்சியில் இறங்கிய தண்ணீர் வெடிப்பு வெடிப்பாக நடந்து ஏழு மாதம் கழித்து மே மாதத்தில் இந்தக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. ஆகா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேப்பை மாற்றச் சொன்னவருக்கு இதை ஓர் அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தலைப்பெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அந்த வருடம் பங்குனியில் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா. தண்ணீரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு மேடை கிடைத்தால் விடமாட்டேன். கரும்பலகையில் என் டேப் சாக்பீஸாலேயே பெரிதாகப் படம் போட்டேன். கடல், சூரியன், மேலே போகிற ஆவி, மேகம், கல்வராயன் மலை, மழை. கடலில் கிளம்பிய தண்ணீர் காற்றோடு வந்து, மலையில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து, மழையாக விழுந்து, ஓடையாக ஓடி, கோமுகி ஆற்றில் கலந்து திரும்பவும் கடலுக்கே போகிறது என்று அம்புக்குறிகளை வளைத்து வளைத்துப் போட்டேன். "புதுத் தண்ணீர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, இருக்கிற தண்ணீர்தான் சுத்திச் சுத்தி வருது" என்றேன். கைதட்டல் வந்தது. அதோடு இறங்கியிருக்கலாம்.

நான் இறங்கவில்லை. கரியாலூரிலிருந்து கிணற்றுக்காரியின் கிணறு வரைக்கும் பூமிக்கு அடியில் ஒரு நீண்ட அம்பு போட்டேன். "மேலேருந்து இங்க வர இதுக்கு ஏழு மாசம் ஆகுது. மலை பஸ்ஸே தேவல" என்றேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நகைச்சுவை எடுபட்டுவிட்டது என்று எனக்குப் பெருமை. மேலும் விளக்கினேன், மேலும் சிரித்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். அப்போது கிணற்றுக்காரி எழுந்து, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், அந்த மலைத்தண்ணி கரெக்டா நீங்க வர்றதுக்கு மொத நாளு வந்து சேந்துடுதுங்களா?"

நல்ல கேள்வி என்று பாராட்டி, பாறையின் சரிவையும் வெடிப்புகளின் அகலத்தையும் வைத்துப் பத்து நிமிடம் பதில் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து வெளியே ஓடியதை, வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். குட்டை வெட்டுவதற்கான ஊர்களின் பட்டியல் அவர் மேசையில் இருந்தது. கோடையில் நீர்மட்டம் இறங்குகிற ஊருக்குத்தான் குட்டை. "இந்த ஊரை நாலு வருஷமா தள்ளிக்கினே வர்றோம் மேடம். மே மாசத்துல தண்ணி ஏறுற ஊருக்குக் குட்டை எதுக்கு? இந்தத் தடவ நானே வந்து பாக்கறேன். நெஜமாவே ஏறியிருந்தா, தேவை இல்லன்னு எழுதி மூடிடுவேன்" என்றார். மூடுவது என்றால் மூடுவதுதான். அதற்குப் பிறகு அந்த ஊர் பட்டியலுக்குள் திரும்பி வர முடியாது.

எனக்கு அந்த நேரம் ஊரைப் பற்றி யோசனையே ஓடவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் கண்டுபிடிப்பை அவர் கண்ணாலேயே பார்க்கப் போகிறார் என்பதுதான் மனம் முழுக்க. கிணற்றுக்காரிக்குப் புதன்கிழமையே போன் போட்டேன். "வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரியும் கூட வர்றாரு, கேட்டைத் திறந்து வையுங்க" என்றேன். "அப்டீங்களா? ஜமாய்ச்சுடலாம் மேடம்" என்றாள்.

வியாழக்கிழமை கரியாலூருக்குப் போய் மழைமானிக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு மதியம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டும்போது மோட்டார் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, மூன்று நான்கு மோட்டார் ஒன்றாக ஓடுகிற சத்தம். மே மாதத்தில் போர்வெல்காரர்கள் மூச்சைப் பிடித்து ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் ஓட்டுவார்கள். என்ன இது என்று ஸ்கூட்டியை வரப்பில் இறக்கினேன்.

கிணற்றைச் சுற்றி ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது. நாலு பக்கத்து நிலங்களிலிருந்து நாலு கறுப்பு ஓஸ் குழாய்கள் பாம்பு மாதிரி வளைந்து வந்து கைப்பிடிச்சுவர் மேலே ஏறிக் கிணற்றுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பெண்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒருத்தர் செம்மண்ணைக் கரைத்துப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். கிணற்றுக்காரி உள்ளே படியில் நின்று, மிதக்கிற வேப்பஞ்சருகை முறத்தால் அள்ளிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் முட்டிக்கு ஏறி, ஏறக்குறைய என் எண்ணுக்கு வந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் எல்லாக் கையும் நின்றது. ஓஸ் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. நான் படியில் இறங்கித் தண்ணீரில் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. ஆழத்துப் போர்வெல் தண்ணீரின் சூடு. நாலு வருடமாக டேப்பை விட்டவள் ஒரு தடவை கூடக் கையை விட்டுப் பார்க்கவில்லை.

"இன்னா இது?" என்று கேட்டேன்.

கிணற்றுக்காரி முறத்தைக் கீழே வைத்தாள். "நாளைக்குத் தான வருவீங்கன்னு இருந்தோம்" என்றாள்.

"நாலு வருசமா இதான் நடக்குதா?"

"கோடையில மட்டும் தான் மேடம். மத்த மாசம் அதுவா கொஞ்சம் கெடக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் எதை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. கிணற்றுப் படியிலேயே நின்று கத்தினேன். நாலு வருட எண்கள் பொய், என் நோட்டு பொய், ஏழு மாதம் நடந்து வந்த மலைத்தண்ணீர் பொய். பள்ளிக்கூடத்தில் நான் போட்ட நீண்ட அம்பு கண் முன்னால் வந்தது, பின்வரிசைச் சிரிப்பும் வந்தது. காது மடல் சுட்டது. "கிணறு வறண்டு போச்சுன்னு ஊரே கையெழுத்து போட்டு மனு குடுத்தீங்களே, அப்பறம் எதுக்கு இதை ரொப்புறீங்க?" என்று கேட்டேன்.

கிணற்றுக்காரிக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "மனு வேற, விருந்தாளி வேற இல்லீங்களா மேடம்?" என்றாள். "வெயில்ல அம்மாந்தூரம் வந்து கெணத்த எட்டிப் பாக்குறீங்க. உள்ள வெறும் பாறையா கெடந்தா எப்டி? வர்றவங்களுக்கு எதுக்கால காலிக் கொடத்த வெப்பாங்களா?"

சுண்ணாம்பு அடித்த பெண்களில் ஒருவர் சேர்ந்துகொண்டார். "அது மட்டும் இல்லீங்க. கெணத்த நல்லா வெச்சிக்கினா தான, இந்த ஊருக்குக் குட்டை குடுக்கலாம்னு அவங்களுக்குத் தோணும்? கவனிக்காத ஊருக்கு யாரு செய்வாங்க?"

அதைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். பெண் பார்க்க வருகிற அன்று வீட்டை மெழுகிக் கோலம் போடுகிற மாதிரி, என் டேப்புக்காக நாலு வருடம் ஊரே கிணற்றைச் சோடித்திருக்கிறது. இவர்கள் கொட்டுகிற தண்ணீர் அதே பாறைக்கு அடியிலிருந்து எடுத்த தண்ணீர்தான். கிணற்றின் பாறை வெடிப்பு வழியாக அது திரும்பவும் இவர்கள் போருக்கே கசிந்து போகும். நான் கரும்பலகையில் வளைத்துப் போட்ட அம்புக்குறியை, இந்த ஊர் கரண்ட் வைத்து இருபது சென்ட் இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். மே மாதத்தில் இந்தக் கிணற்றில் தண்ணீர் இருப்பதால்தான் குட்டை கிடைக்கவில்லை, என் நோட்டில் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் நாலு தடவையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், நாளைக்கும் தண்ணீர் இருந்தால் அதோடு முடிந்தது என்றேன். யாரோ போய் ஒவ்வொரு மோட்டாராக நிறுத்தினார்கள். கிணற்றுக்காரி தண்ணீரைப் பார்த்தபடியே நின்றாள்.

"எங்க வாயில நாங்களே மண்ணப் போட்டுக்கினோமா" என்றாள். "ஒரு மாட்ட வித்தனே மேடம். அந்த ஓஸத் தூக்கிப் போட்டதே நான் தான்."

அவள் அழுதாள். அவள் மட்டும் என்ன, ஒவ்வொரு மாதமும் முந்தின நாள் போன் போட்டு ஓஸை எடுத்து வைக்கச் சொன்னவளே நான்தானே.

ஆனால் அந்த ஊரில் யாருக்கும் நெடுநேரம் துக்கமாக இருக்க வராது. சுண்ணாம்பு அடித்த அதே பெண்தான் கேட்டார். "அப்ப இத எறைச்சிக் கொட்டிட்டா சரியாப் போவுமா?" அவ்வளவுதான். கிணற்று மோட்டாரைப் போட்டார்கள். கோடைக்கு நடுவில் மரவள்ளிக்கும் கனகாம்பரத்துக்கும் வரப்பு உடையத் தண்ணீர் பாய்ந்தது. மாடுகளைக் குளிப்பாட்டினார்கள். ஊரிலிருந்த போர்வை, ஜமுக்காளம் எல்லாம் துவைக்க வந்தது. இரண்டு மணி நேரத்தில் கிணற்றடி முழுக்கச் சேறும் சிரிப்புமாக ஆனது. மே மாதத்தில் தண்ணீர்த் துறையைச் சேர்ந்த ஒருத்தி கரையில் நின்று கிணற்றை இறைக்கச் சொல்லி மேற்பார்வை பார்த்தாள் என்று யாராவது படம் பிடித்திருந்தால் என் கதி அதோகதிதான். காலையில் ஓஸ் போடுவதற்கு முன்னால் அடியில் எவ்வளவு இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மேற்கு மூலைப் பள்ளத்தில் ஓர் அண்டாத் தண்ணீர் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அந்த ஓர் அண்டா நின்றதும் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

கிளம்பும்போது கிணற்றுக்காரி ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு இன்னான்னு எழுதுவீங்க?"

"வறண்டதுன்னு."

"அந்த வார்த்த தான் எழுதணுமா?"

"அந்த வார்த்தைதான் உனக்குக் குட்டையைக் கொண்டாரும்" என்றேன். மேடமும் நீங்களும் போய், எங்கள் பேச்சு நீ, யக்கா என்று ஆனது அந்தச் சேற்றில்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானும் பொறியாளரும் போனோம். புதுச் சுண்ணாம்பு, செம்மண் பட்டை, கிணற்றைச் சுற்றிப் பெரிய கோலம். கைப்பிடிச்சுவர் மேல், டேப் இறக்குகிற இடத்துக்கு எதிரில், புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடத்தில் தண்ணீர் தளும்ப நிறைத்து மாவிலை வைத்திருந்தாள். அவள் மட்டும் பக்கத்தில் வரவில்லை. மாட்டுக்கொட்டாயில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றாள்.

டேப்பை இறக்கினேன். நுனி, பள்ளத்துக்கு எட்டத்தில், வெறும் பாறையில் முட்டி டங்கென்றது. அது மாட்டுக்கொட்டாய் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், அவள் தோள் குறுகியதைப் பார்த்தேன். மேலே இழுத்தேன். சாக்பீஸ் வெள்ளை வெளேரென்று, தேய்த்தபடியே இருந்தது. நோட்டில் "வறண்டது" என்று எழுதினேன்.

"அப்ப நாலு வருஷமா?" என்று கேட்டார் பொறியாளர்.

சொன்னேன். ஓஸிலிருந்து ஆரம்பித்து, நேற்று இறைத்ததையும் சேர்த்து, என் ஏழு மாதக் கண்டுபிடிப்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வரியும் அசையவில்லை. இந்த வேலைக்கு இன்றோடு முழுக்கு என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கைப்பிடிச்சுவர் மேல் உட்கார்ந்து, சுண்ணாம்பெல்லாம் பேண்ட்டில் ஒட்ட, விக்கல் வருகிற அளவுக்குச் சிரித்தார். விக்கலுக்கு அந்தப் பித்தளைக் குடத்துத் தண்ணீரைத்தான் எடுத்துக் குடித்தார். பிறகு கிணற்றுக்குள் இறங்கி, மேற்கு மூலைப் பள்ளத்தையும் சுவரில் பழைய நீர்க்கறைகளையும் வெகுநேரம் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

"நாலு மே மாசத்தையும் அடிச்சுட்டு, பக்கத்துல காரணம் எழுதிக் கையெழுத்து போடுங்க மேடம்" என்றார்.

"இன்னான்னு காரணம் எழுதறது சார்?"

"நடந்ததை எழுதுங்க."

கோலத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து நாலு எண்களையும் சிவப்பு மையில் அடித்தேன். எனக்குப் பிடித்தமான எண்கள், ஒவ்வொன்றும் மனப்பாடம். பக்கத்தில் நாலு தடவையும் இப்படி எழுதினேன்: "அளவு எடுப்பதற்கு முந்தைய நாள், மரியாதை நிமித்தம் ஊராரால் நீர் நிரப்பப்பட்டது." அரசாங்க நோட்டில் நான் எழுதியதிலேயே உண்மையான வரி அதுதான். பொறியாளர் இரண்டு உத்தரவு போட்டார். இனிமேல் போன் போடக் கூடாது, இனிமேல் வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

குட்டை அடுத்த ஆவணியில் வெட்டி முடிந்தது. பெரிய அணையெல்லாம் இல்லை, ஓடைக்குக் குறுக்கே ஒரு கரை, அதற்கு முன்னால் ஒரு பள்ளம். ஐப்பசி மழையில் அது நிறைந்து, காப்பி நிறத்தில் அலையடித்தது. போகிற வருகிற வேலைகளுக்கு நடுவே நான் அதைப் போய்ப் பார்ப்பேன். மழை நின்ற பிறகு ஒவ்வொரு வாரமும் கரையில் தண்ணீர்க்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. வேறு யாராவது பார்த்தால் குட்டை வற்றுகிறது என்று வருத்தப்படுவார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெயிலுக்குப் போகும், மிச்சம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல் போனேன். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுத் திருடி மாதிரி வரப்பில் நடந்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் இருந்தது. நிறைந்து கிடக்கவில்லை, ஏப்ரலைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, ஆனாலும் இடுப்பளவுக்கு நல்ல தண்ணீர், அடிப்பாறையே தெரியவில்லை. எனக்கு உடனே சந்தேகம். நாலு பக்கமும் ஓஸைத் தேடினேன். சுவரின் மேல் ஈரத்தடம் உண்டா என்று தடவினேன். படியில் இறங்கித் தண்ணீரில் கையை விட்டேன். ஜில்லென்று இருந்தது.

"நம்பிக்க வரலியா யக்கா?" என்று மேலேயிருந்து குரல் கேட்டது.

கிணற்றுக்காரி வந்துகொண்டிருந்தாள். பின்னால் கொட்டாயில் மூன்று மாடுகள் கட்டியிருந்தன, மூன்றாவது புதுசு. அவள் இடுப்பில் ஒரு குடம் இருந்தது. வாய் என்னைப் பார்த்துத் திறந்திருந்த காலிக் குடம். திரும்பிப் போகவில்லை, மறைக்கவில்லை, நேராக என் எதிரே வந்து கைப்பிடிச்சுவர் மேல் ணங்கென்று வைத்தாள்.

"காலியா தான் இருக்குது. மொண்டு குடு" என்றாள்.

அளந்து முடிக்கும்வரை கிணற்றிலிருந்து யாரும் ஒரு வாளித் தண்ணீர் கூட எடுக்கக் கூடாது. டேப் என் தோள்பையில் இருந்தது, நோட்டும் இருந்தது. நான் ராட்டினத்தில் கயிற்றைப் போட்டு வாளியை இறக்கினேன்.